அஞ்சுமாவில் தெரிந்த வானம்

எங்கள் ஊரில் மேட்டுத்தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. மற்றத் தெருக்களைவிட அது முழங்கால் உயரம் கூடுதல், அவ்வளவுதான். பெருமழைக்கு அந்தத் தெருவில் மட்டும் தண்ணீர் வாசலோடு நின்றுவிடும். அதனால் அந்தப் பெயர். மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற சாலையில் எந்த நிறுத்தத்தில் இறங்கினாலும் இதே தரைதான். வயல், வயல் முடிகிற இடத்தில் ஒரு வரிசைத் தென்னை, தென்னைக்குப் பின்னால் மறுபடியும் வயல்.

நான் மலை பார்த்தவன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரியில் கிளீனராகப் போனேன். மூணாறு, கொல்லிமலை, ஊட்டி எல்லாம் அப்படிப் பார்த்ததுதான். வளைவுகளில் ‘வியூ பாயிண்ட்’ என்று பலகை வைத்திருப்பார்கள். கார்களில் வந்தவர்கள் இறங்கி, சுட்ட சோளம் வாங்கிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து பள்ளத்தாக்கைப் படம் எடுப்பார்கள். நான் அந்த நேரத்தில் டயரில் கல் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருப்பேன். லாரிக்குப் பிறகு திருப்பூர்ச் சாயப்பட்டறை, அதற்குப் பிறகு கேரளாவில் பரோட்டாக் கடை, கடைசியாக நெல் அறுக்கும் மெஷின். ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாதது என் சுபாவம். யாரும் என்னை விரட்டவில்லை.

சொந்த ஊரில் எனக்கு ஒரு வியூ பாயிண்ட் கிடைக்கும் என்று நினைத்ததில்லை. கீழத்தெருக் கோடியில், எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் நிற்கிற தண்ணீர் டேங்க்தான் அது. நாலு தூண், ஓர் இரும்பு ஏணி, மேலே தொட்டியைச் சுற்றி ஒரு ஆள் நடக்கிற அளவுக்கு விளிம்பு, துருப்பிடித்த கைப்பிடிக் கம்பி.

நான் திரும்பி வந்த காரணம் அப்பா. ஒரு சித்திரை மாதம் வெயிலில் வரப்பு ஓரமாக நடந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கையும் வலது காலும் போயின. பேச்சு குழறலாக மிஞ்சியது. அம்மா இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அப்போது நான் நெல்லூர்ப் பக்கம் செயின் மெஷின், அதாவது சேற்றிலும் இறங்குகிற அறுப்பு மெஷின், ஓட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் வளைகுடாவில், ஓர் ஓட்டலில் வேலை. அண்ணி மகளின் படிப்புக்காக மன்னார்குடியில் வாடகை வீட்டில் இருந்தார். யார் பார்த்துக்கொள்வது என்று பேச அதிக நேரம் ஆகவில்லை.

“இப்ப ஒன் முறைடா” என்றான் அண்ணன் போனில். “பொங்கலோட என் அக்ரிமெண்ட் முடியுது. வந்துட்டா அப்பறம் என் முறை. நீ எங்க வேணா போ. நான் கேக்கவே மாட்டேன்.”

முறை என்பது எங்கள் பக்கத்தில் சாதாரணச் சொல் இல்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தான் விடுவார்கள். சில நாள் இந்த வாய்க்காலுக்கு, சில நாள் அந்த வாய்க்காலுக்கு. முறை தவறினால் மண்வெட்டியோடு ஆட்கள் மதகில் வந்து நிற்பார்கள். பெற்றவர்களை வைத்துக் காப்பாற்றுவதற்கும் இங்கே அதே சொல்தான். கல்யாண வீட்டில்கூட விசாரிப்பார்கள், இந்த மாசம் பெரியவர் யார் முறையில் இருக்கிறார் என்று. ஆகவே அண்ணன் சொன்னதை நான் நம்பினேன். மெஷின் முதலாளி ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் பகுதியில் சம்பா அறுப்பு முடிந்ததும் மெஷின்களை லாரியில் ஏற்றி வடக்கே கொண்டுபோவார், ஆந்திரா, ஒடிசா என்று. தை கடைசியில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். டிரைவர் சீட்டு உனக்குத்தான் என்று அவரும் சொல்லியிருந்தார்.

அப்பா ஒல்லியானவர். ஆனாலும் பாதி உடம்பு ஒத்துழைக்காத மனிதர் இரண்டு ஆள் கனம் கனப்பார். காலையில் தூக்கி உட்காரவைத்து, வெளிக்கிருக்க நடுவில் ஓட்டை போட்ட நாற்காலிக்கு மாற்றி, கழுவி, குளிப்பாட்டி, வேட்டி மாற்றி, மறுபடி மாற்றி, துவைத்து, காயப்போட்டு, சோறு ஊட்டி முடித்தால் மறுபடி வேட்டி மாற்ற வேண்டியிருக்கும். இதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. வேலை என்றால் வேலை. ஆனால் சாலையில் ஒரு லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டால் என் இடது கால் தானாகக் கிளட்ச் மிதிக்கும். அதை என்னால் நிறுத்த முடியவில்லை.

டேங்க் ஆபரேட்டர் எனக்கு மாமா முறை. முழங்கால் தேய்ந்துபோனவர். ஒருநாள் சாவியை என் கையில் கொடுத்தார்.

“மாப்ள, நீதான் மலையெல்லாம் ஏறுனவனாச்சே. இந்தா, இதையும் ஏறு. பிளீச்சிங் பவுடரக் கரைச்சு ஊத்திட்டு, தண்ணி எம்புட்டு நிக்குதுன்னு மேலேருந்து ஒரு கொரல் குடு. நான் கீழ வால்வத் தொறக்குறேன்.”

அப்படித்தான் காலையிலும் சாயங்காலத்திலும் நான் மேலே ஏறத் தொடங்கினேன். அப்பாவின் கட்டிலிலிருந்து தப்பிக்க எனக்கு அனுமதிக்கப்பட்ட தூரம் அந்த ஏணிதான்.

முதல் படத்தை யோசித்து எடுக்கவில்லை. ஆடி மாதம், ஆற்றுத் தண்ணீர் அப்போதுதான் வாய்க்கால் முடிகிற எங்கள் கடைமடைக்கு வந்து சேர்ந்திருந்தது. டேங்குக்கு நேர் மேற்கே இருக்கிற வயலுக்கு அஞ்சுமா என்று பெயர். மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். அந்த ஐந்து மாவும் மிராசு வீட்டு நிலம். உழவுக்காகத் தண்ணீர் கட்டியிருந்தார்கள். அதில் வானம் முழுசாக விழுந்து கிடந்தது. மேகம், மேகத்துக்கு நடுவே நீலம், ஓரத்தில் நாலைந்து கொக்கு. வடமேற்கே மன்னார்குடிப் பெரிய கோபுரம் ஓர் ஆணி மாதிரி தெரிந்தது. எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டு இறங்கிவிட்டேன்.

கீழே வந்ததும் அப்பா கேட்டார், “மேல என்னடா தெரியுது?”

“எல்லாம் தெரியுதுப்பா” என்றேன்.

அண்ணனின் குரல் பதிவு மதியம் வந்தது. “டேய், இது நம்ம ஊரா? ரூம்ல ஒருத்தனும் நம்ப மாட்டேங்குறான். கேரளாக்காரன் என்ன சொல்றான் தெரியுமா, இது கூகுள்ல எடுத்ததுங்குறான். இன்னொண்ணு எடுத்து அனுப்புடா. அந்தத் தண்ணி வயலையே எடு.”

அந்தக் குரலில் ஒரு கரகரப்பு இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை பிறந்தது. இவனுக்கு ஊர் ஏக்கம் பிடிக்கவைத்துவிட்டால் பொங்கலுக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வந்துவிடுவான். நான் மெஷின் ஏறிவிடலாம்.

அதன் பிறகு ஒழுங்காகப் படம் எடுத்தேன். வெயில் ஏறுவதற்கு முன் எடுத்தால் பச்சை தனியாகத் தெரியும். மழை பெய்து ஓய்ந்த அரைமணியில் எடுத்தால் தூரத்துத் தென்னைகூடக் கழுவி வைத்த மாதிரி இருக்கும். நாற்றங்கால் கிளிப்பச்சை, நட்ட வயல் வெளிர்ப்பச்சை, தூர் கட்டியது கரும்பச்சை. எதற்கு எந்த நேரம் என்று பழகிக்கொண்டேன். எதை விட வேண்டும் என்பதையும் பழகிக்கொண்டேன். செல்போன் கோபுரம், வாய்க்காலில் ஒதுங்கிய பிளாஸ்டிக், கைவிட்ட இறால் குட்டை எல்லாவற்றையும் போனைச் சாய்த்து வெளியே தள்ளினேன். கிழக்குப் பக்கத்து விளிம்புக்கு நான் போவதே இல்லை. அங்கே நேர் கீழே எங்கள் கொல்லை. கொடியில் அப்பாவின் வேட்டிகள், வேலியோரம் கழுவிக் கவிழ்த்த ஓட்டை நாற்காலி.

அண்ணனும் எனக்குப் படம் அனுப்புவான். அங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமைப் படங்கள். கண்ணாடிக் கட்டடத்துக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நீரூற்றுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு. ஓட்டலில் லாண்டரி வேலை என்று சொல்லியிருந்தான். நம் ஊர் இஸ்திரிக் கடை மாதிரி தெருவைப் பார்த்த கடையாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

புரட்டாசியில் முறை மாறி எங்கள் வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனது. சுற்றிலும் வயல்கள் வெடிக்க ஆரம்பித்தன. அஞ்சுமாவில் மட்டும் பயிருக்கு நடுவே அங்கங்கே வானம் தெரிந்தது. நான் அதையே விதவிதமாக எடுத்தேன். அண்ணன் அதைத் தன் போன் முகப்பில் வைத்துக்கொண்டான்.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம் அவன் கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

“டேய், ஒரு விஷயம். மிராசு வீட்டுல அஞ்சுமாவ விக்கிறாங்களாம். மெட்ராஸ்ல இருக்குற மவன்கிட்ட பேசிட்டேன். நாமதான் வாங்கப்போறோம்.”

“எதுக்குண்ணே?”

“எதுக்கா? தாத்தா அதுல பண்ணையாளா கெடந்தாரு. அப்பா அதுல ஏரு ஓட்டுனாரு. அதுல நம்ம பேருக்குப் பட்டா வந்தா எப்புடி இருக்கும்? அதுவும் என்னா நெலம்டா அது. ஊரே காஞ்சு கெடக்கும்போது அதுல தண்ணி நிக்குது. நீ அனுப்புன படத்துலதான் பாத்தேனே.”

பொங்கலுக்கு வரவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவில்லை. அக்ரிமெண்டை நீட்டிக்கொண்டால்தான் நிலம் கைக்கு வரும் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னான். போனை வைத்துவிட்டு அப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

அப்பாவுக்குச் சிரித்தால் இடப்பக்கம் மட்டும்தான் சிரிப்பு வரும். அன்று அது வெகுநேரம் இருந்தது.

“அஞ்சுமாவையா? அது பள்ளம்டா. வடிகாலே கெடையாது. மழ பேஞ்சா நாலு ஊருத் தண்ணி அதுலதான் வந்து படுக்கும். அதுல தவளதான் வெளையும்.”

எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அண்ணன் விடுதியில் தங்கிப் படித்தவன், லீவுக்கு மட்டும் ஊருக்கு வருவான். நான் மீசை முளைக்கும் முன்பே லாரி ஏறிவிட்டேன். அந்த வயலில் கால் வைத்த கடைசி ஆள் எங்கள் வீட்டில் அப்பாதான். அவரிடம் நாங்கள் யாரும் கேட்கவில்லை. மேலிருந்து பார்த்தால் மேடு பள்ளம் தெரியாது. தண்ணீர் தெரியும், தண்ணீரில் வானம் தெரியும். பயிர் அழுகுவதற்கு முன்னால் வயல் அப்படித்தான் அழகாக இருக்கும் என்பது ஏணியில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்.

கார்த்திகை மழைக்கு அப்பா சொன்னது அப்படியே நடந்தது. மற்ற வயல்களில் தண்ணீர் வடிந்து பயிர் தலை நிமிர்ந்தது. அஞ்சுமா முழுக்க ஒரே ஏரி. பயிரின் நுனிகூட வெளியே இல்லை. ஈர ஏணியில் ஏறி, வடிந்த வயல்களையும் அஞ்சுமாவையும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுத்து அனுப்பினேன். பார்த்தால் புரியும் என்று ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

ஒரு சிவப்பு இதயம் வந்தது. அதன் கீழே, ‘சூப்பர்டா. இதான் பெஸ்ட்.’

உடனே கூப்பிட்டேன். “அண்ணே, அழகுக்கு அனுப்பல. மூழ்கிக் கெடக்கு. அது பள்ளமாம், அப்பா சொல்றாரு. வேணாண்ணே.”

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் சுற்றுகிற சத்தம் கேட்டது.

“அட்வான்ஸ் குடுத்தாச்சுடா.”

“திருப்பிக் கேட்டுப் பாப்போம்.”

“கீழத்தெருக்காரன் வாங்குறேன்னு வந்துட்டு ஓடிட்டான்னு சொல்றதுக்கா? மண்ணடிச்சு மேடாக்கிக்கலாம். இன்னும் ரெண்டு வருஷம் இருந்தேன்னா முடிஞ்சுடும்.”

“அப்ப என் முறை?”

“ஒனக்கென்னடா, நீ அங்க ராஜா மாதிரி இருக்க. காலைல ஏறிக் காத்து வாங்குற, படம் புடிக்கிற. எனக்கு அந்தக் கொடுப்பின இல்ல.”

“நீ தலைமடைக்காரன், சொல்லுவ” என்றேன். “கடைமடையில நின்னு பாரு.”

அவன் சிரித்தான். “தண்ணி வரும்டா. லேட்டா வரும்.”

நான் ராஜா என்று அவனை நினைக்கவைத்தது நான் அனுப்பிய படங்கள்தான். அதில் அவனைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு வேட்டி துவைக்கும்போது கல்லில் அடித்த அடியில் ஒரு வேட்டி கிழிந்தது.

தை பிறந்து அறுப்பு தொடங்கியது. அப்பாவைக் காலை வெயிலுக்காகக் கொல்லையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஏணிப் பக்கம் நடந்தேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

“டேய், மேலேருந்து பாத்தா நான் தெரியறனா?”

“தெரியும்ப்பா” என்றேன். நான் அந்தப் பக்கம் பார்த்ததில்லை என்று சொல்லவில்லை.

மேலே போய் பவுடர் கரைசலை ஊற்றிவிட்டு, கிழக்கு விளிம்புக்குப் போனேன். கொடியில் முதல் நாள் வேட்டிகள் வரிசையாகத் தொங்கின. கிழிந்ததும் அதில் இருந்தது. ஓட்டை நாற்காலி, வாளி, மக்கு, பினாயில் பாட்டில். நடுவில் அப்பா. தலையை அண்ணாந்து, இடது கையை நெற்றியில் வைத்து, என்னைத் தேடிக்கொண்டிருந்தார். எதையும் வெளியே தள்ளாமல் எடுத்தேன். அனுப்பினேன்.

பார்த்துவிட்டான் என்று நீலக் குறி காட்டியது. பதில் இல்லை. மறுநாளும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி மீன் குழம்புத் தூக்கோடு வந்தார்.

“என்ன தம்பி அனுப்புனீங்க அவருக்கு? போன் பண்ணா உம், உம்முங்குறாரு. வேற ஒண்ணும் பேச மாட்டேங்குறாரு.”

படத்தைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இதெல்லாம் மாமாவோட வேட்டியா?”

“ஆமாங்க அண்ணி. ஒரு நாளோடது.”

“நான் வர்றப்ப கொடி காலியால்ல இருக்கும்?”

“நீங்க வர்றதுக்கு முன்னாடி மடிச்சு உள்ள வெச்சிடுவேன்.”

“ஏன்?”

அண்ணி கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. தூக்கை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய், வாளியில் ஊறிக்கிடந்ததை எடுத்து அலச ஆரம்பித்தார். நான் வேண்டாம் என்றேன். “சும்மா இருங்க தம்பி” என்றார்.

அன்று சாயங்காலம் அண்ணனிடமிருந்து ஒரு படம் வந்தது. வெள்ளிக்கிழமைப் படம் இல்லை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஒரு பெரிய அறை. தாழ்ந்த கூரை, அதில் குழாய்கள். வரிசையாகத் துவைக்கும் மெஷின்கள். தரையில் ஆள் உயரத்துக்கு வெள்ளைத் துணி குவிந்து கிடந்தது. ஒரு மெஷினின் வட்டக் கண்ணாடியில் போனைப் பிடித்திருக்கும் அண்ணனின் உருவம், பனியனோடு, வியர்வையோடு. அறைக்கு எங்கே ஜன்னல் என்று பெரிதாக்கித் தேடினேன். இல்லை. கீழே அவனும் எதுவும் எழுதவில்லை.

அப்பாவிடம் காட்டினேன். போனை முகத்துக்கு அருகில் வைக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார்.

“யாருக்குடா இம்புட்டு வேட்டி?”

“வேட்டி இல்லப்பா. மெத்தையில விரிக்கிறது. ஓட்டல்ல படுக்குறவங்களோடது.”

“ஓ” என்றார். பிறகு, “அவனும் தொவைக்கிறானா” என்றார்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் கூப்பிட்டான். வயலை மேடாக்கச் சவுடு மண் யாரிடம் சொன்னால் கிடைக்கும் என்று கேட்டான். சொன்னேன். போனை வைக்கப்போகும்போது, “என் முறைதான்டா ஓடுது. எனக்குத் தெரியும்” என்றான். எப்போது வருகிறேன் என்று சொல்லவில்லை.

முதலாளி தை கடைசியில் பேசினார். “எங்கடா இருக்க? வண்டிய லோடு ஏத்திட்டேன்.”

“இந்தத் தடவ இல்லண்ணே.”

“அப்பறம் சீட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவேன், பாத்துக்க.”

“குடுத்துடுங்கண்ணே” என்றேன்.

மறுநாள் காலையில் மேலே நின்றபோது சாலையில் இரண்டு லாரிகள் செயின் மெஷின்களைச் சுமந்துகொண்டு மன்னார்குடிப் பக்கம் போயின. அவருடையதா என்று தெரியவில்லை. படம் எடுக்கத் தோன்றவில்லை. கீழே ஆபரேட்டர் மாமா கத்தினார், “என்ன மாப்ள, தண்ணி எம்புட்டு நிக்குது? தூங்கிட்டியா?” பாதி நிற்கிறது என்று குரல் கொடுத்தேன்.

அண்ணன் அதன் பிறகு படம் கேட்பதில்லை. நானாக அனுப்பினால் பார்க்கிறான். அஞ்சுமாவின் பத்திரம் அவன் பெயருக்கு வந்துவிட்டது. பங்குனியிலிருந்து டிராக்டரில் மண் வந்துகொண்டிருக்கிறது. சாலையோரமாகக் கொட்டி, நிரவி, மறுபடி கொட்டுகிறார்கள். “வயலுக்கு அடிக்கிறீங்களா, மனைக்கு அடிக்கிறீங்களா?” என்று போகிறவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். அண்ணன் பணம் அனுப்பும் போதெல்லாம் கொஞ்சம் மண் வரும், பிறகு நிற்கும்.

போன வாரம் அப்பாவைச் சக்கர நாற்காலியில் வைத்து அங்கே தள்ளிக்கொண்டு போனேன். இடது காலை நீட்டிக் குதிகாலால் மண்ணை மிதித்துப் பார்த்தார். ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருக்கிறது. அண்ணனுக்குக் காட்டலாம் என்று சாயங்காலம் டேங்கில் ஏறி, போனை அந்த மூலைக்கு நேராகப் பிடித்தேன். மேலிருந்து பார்த்தால் அது தெரியவில்லை.